ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு

மூக்கு நுனியில் சுண்ணாம்பு, அதன் குளிர்ச்சி, கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு விரிசல் கிளம்பி மேலே போய் இரண்டாகப் பிரிந்து ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்து நிற்கிறது, ஒரு கொம்பு நீளம், ஒன்று குட்டை, இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தால் உலகத்தில் அந்தக் கொம்புகள் மட்டும்தான் இருப்பதாகத் தோன்றும், முதுகுக்குப் பின்னால் வகுப்பு மொத்தமும் சிரிக்கிறது, இடது கை குருசாமி வாத்தியாரின் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது, துண்டில் மூக்குப்பொடி வாசனை, வாத்தியார் சொல்கிறார், டேய் சென்னியப்பா, நான் கோவத்துல கட்டலடா, அக்கறையில கட்டறேன், நொட்டாங்கையில எழுதறவன் எழுத்து சரஸ்வதி கணக்குல சேராது, அன்றிலிருந்து அக்கறை என்ற சொல்லை எங்கே கேட்டாலும் சென்னியப்பனுக்கு மணிக்கட்டு அரிக்கும், இப்போதும் அரித்தது, சொறிந்துகொண்டார், தும்மல் வந்தது, தும்மியதும் மூக்கு நுனிச் சுண்ணாம்பு மஞ்சளாயிற்று, பள்ளிக்கூடம் விலகிப் போயிற்று, இது பீளமேட்டில் அவருடைய சொந்த வீட்டுக் கார் ஷெட், கார் என்ற ஒன்று ஒருநாளும் நின்றிராத கார் ஷெட், கையில் மரத்தைக் குடையும் ரூட்டர் மெஷின் நாய்க்குட்டியைப் போலத் துள்ளிக்கொண்டிருக்கிறது, அதன் வாயிலிருந்து பலாமரத் தூள் அம்மன் கோயில் மஞ்சள் போலப் பீறிட்டு அவருடைய புருவத்திலும் பனியனிலும் அறுபதை நெருங்கிய தொந்தியிலும் படிகிறது, மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும் பலகைக்கு இரண்டு கொம்புகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை.

கிடார்தான், எலக்ட்ரிக் கிடார், உள்ளே பொந்து கிடையாது, முழு மரம், கழுத்தைப் பொருத்த ஒரு குழி, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் வைக்க இரண்டு குழி, ஒயரும் குமிழ்களும் உட்கார ஒரு குழி, மரவேலை என்று பார்த்தால் இதில் வித்தை ஒன்றும் இல்லை, வாழ்நாள் முழுக்க ஃபவுண்டரியில் பம்ப் வார்ப்பதற்கு மர அச்சுச் செய்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவருக்கு இதெல்லாம் கொய்யாக்காயைக் கடிக்கிற மாதிரி, ஆனால் இது கோபத்தில் செய்கிற கிடார், கோபத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் தவணை, அதற்குள் முடிந்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாதநெடுஞ்சுடர் ரத்னவேலுக்குக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. ரத்னவேல் என்றால் பூந்தூறல் இன்னிசைக் குழுவின் தலைவர், கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு காலத்தில் அவர் கச்சேரி இல்லாமல் கோயில் நோம்பி நடக்காது, நெடுஞ்சுடர் என்ற பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் ரசிகப் பெருமக்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், நோட்டீஸ் அடித்த அச்சகக்காரருக்குத்தான் சங்கதி தெரியும், பேருக்கு முன்னால எடம் சும்மா கெடக்குதுங்களே, ஏதாச்சும் போட்டு ரொப்பிறலாங்களா என்று அவர் கேட்டதில் ஏற்றிய சுடர் அது, இன்னும் அணையவில்லை.

அந்தச் சுடர் போன மாதம் ஒரு நாள் வீட்டுக்கே வந்தது, பட்டு ஜிப்பா, சந்தனப் பொட்டு, கையில் கல்யாணப் பத்திரிகையைவிடக் கனமான அழைப்பிதழ், நாற்காலி இருக்க நேரே போய்க் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து காலால் தரையை ஒரு உந்து உந்தி ஆடிக்கொண்டே, என்னப்பா சென்னியப்பா, கை எப்படி இருக்குது, என்று கேட்டது, ஆளை விட்டுவிட்டுக் கையை நலம் விசாரிக்கிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான், நல்லா இருக்குதுங்கண்ணா என்றார் சென்னியப்பன், என்னமோ கை தனியாக அடுத்த தெருவில் குடியிருப்பது போல. விழாவுல உனக்கு ஒரு வேலை வெச்சிருக்கறேன், என்றார் ரத்னவேல், நெடுஞ்சுடர் திருத்திய கைகள்னு தனியா ஒரு நிகழ்ச்சி, நீ மேடைக்கு வர்றே, பொறந்ததுலருந்து பீச்சாங்கைக்காரனாத் திரிஞ்ச ஒருத்தன நான் எப்படிச் சோத்தாங்கைக் கலைஞனா ஆக்குனேன்னு ரெண்டு வார்த்தை பேசறே, பேச வரலீன்னா நானே பேசிக்கறேன், நீ அந்தச் சோத்தாங்கையத் தூக்கிக் காட்டுனாப் போதும், கைதட்டல் பிச்சுக்கும். ஊஞ்சல் போயிற்று, வந்தது, போயிற்று, ஒவ்வொரு தடவை அது முன்னால் வரும்போதும் அந்தச் சந்தனப் பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது, சென்னியப்பனுக்குள் என்னென்னவோ சொற்கள் கொதித்து நுரைத்துத் தொண்டை வரைக்கும் வந்தன, வாயைத் திறந்தார், சரிங்கண்ணா என்றார். இதுதான் அவருடைய வியாதி, கோபம் உள்ளே எரிமலையாகப் புறப்படும், வெளியே வரும்போது சரிங்கண்ணா ஆகிவிடும், ஃபவுண்டரி முதலாளியிடம் சரிங்க, குருசாமி வாத்தியாரிடம் சரிங்க சார், அவரை எரித்துச் சாம்பலைக் கரைத்தாலும் நொய்யல் ஆறு ஒரு தடவை சரிங்க என்று சொல்லிவிட்டுத்தான் ஓடும்.

ஆள் போன பிறகும் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது, அவர் மனைவி சம்பூரணம் சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், வந்து சங்கிலியைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள், கையத் தூக்கிக் காட்டோணுமாம், சந்தையில மாட்டுப் பல்லப் பாக்கற மாதிரி, நீங்களும் சரிங்கண்ணாங்கறீங், என்றாள், பின்ன என்னத்தச் சொல்லச் சொல்றே என்றார், ஒண்ணும் சொல்ல வேண்டாம், போய் வாசிங்க, உங்க கையில வாசிங்க, என்றாள், உங்க கை என்று அவள் சொன்னபோது கரண்டியால் அவருடைய இடது கையைச் சுட்டினாள், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் கையைப் பற்றி அவள் பேசியதே இல்லை, மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார். அந்தக் கைக்குக் கிடார் ஏதுடி என்றார், அதுவும் நிஜம், டவுன் ஹால் பக்கம் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தார், இடக்கைக் கிடாரா சார், ஆர்டர் போட்டா வரும், வராமலும் போகும், நீங்க ஒண்ணு பண்ணுங்க, சாதாக் கிடாரையே வாங்கிக் கண்ணாடி முன்னாடி நின்னு வாசிங்க, இடக்கை மாதிரியே தெரியும், என்றான் விற்கிறவன், அவன் சிரிக்கவில்லை, நிஜமான அக்கறையோடுதான் சொன்னான், மணிக்கட்டு அரித்தது. வீடு வந்து சேர்ந்தபோது ஊஞ்சல் பலகை சங்கிலியிலிருந்து கழன்று சுவரோரம் நின்றுகொண்டிருந்தது, சம்பூரணம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், அந்தாளு உக்காந்து ஆடிட்டான், இனி எனக்கு இதுல உக்காரப் புடிக்கல, பலா மரம், வீணைக்கு ஆகும்னா உங்க கிடாருக்கு ஆகாதா, எடுத்துட்டுப் போங்க அக்கட்டால. ஆனைமலைப் பக்கம் அவள் அப்பா தோட்டத்தில் நின்ற மரம், கல்யாணச் சீரில் வந்த பலகை, இரண்டு அங்குலக் கனம், ஒரு முடிச்சுக் கிடையாது, இத்தனை வருடம் காய்ந்து எலும்பு மாதிரி இறுகியது, இன்னொன்று வேண்டுமென்றால் மரம் நட்டுக் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அவள் காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்து, வழக்கம் போலத் திரும்பி, வெறும் காற்றில் உட்காரப் போனவள் சட்டென்று நின்று, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளுடைய அந்தச் சொல்லாத வார்த்தை சென்னியப்பனோடு ஷெட்டுக்குள் வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, இந்தப் பலகையை வீணாக்கக் கூடாது, எது வீணானாலும் இது ஆகக் கூடாது.

ரூட்டர் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்கிறது, ஜெனரேட்டர், அவிநாசிக்கு அப்பால் ஒரு ஊர், மாரியம்மன் நோம்பி, தேங்காய் நார் விரித்த மேடை, மீசை அரும்பிய சென்னியப்பன் பூந்தூறல் குழுவின் முன்வரிசையில் நிற்கிறான், சாதாக் கிடாரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான், கம்பிகள் கீழ்மேலாக இருக்கின்றன, குமிழ்கள் முழங்கையில் இடிக்கின்றன, ஆனாலும் இடது கை கம்பிகளின் மேல் இறங்குகிறபோது அது கையாக இல்லை, மழைக்கு முன்னால் தும்பியாக இருக்கிறது, முதல் பாட்டு முடிந்ததும் விசில், இரண்டாவது பாட்டின் நடுவே வரும் கிடார் இசையை அவன் இழுத்து நீட்டுகிறான், தபேலாக்காரர் தலையை ஆட்டி இன்னும் இன்னும் என்கிறார், கூட்டத்தில் ஒரு கிழவர் துண்டை வீசுகிறார், வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு பத்து நிமிடம் அவனுக்கு வாய்க்கவில்லை, அப்போதுதான் தர்மகர்த்தா மேடையேறுகிறார், பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு ரத்னவேலின் காதில் குனிகிறார், மைக் அதையும் பிடித்து ஊருக்கே போடுகிறது, ஏனப்பா, ஆத்தா முன்னால பீச்சாங்கையில வாசிக்கறான், குண்டி கழுவற கை, ஊருக்கு ஆகுமா. கூட்டம் சிரிக்கிறது, சற்று முன் துண்டு வீசிய கிழவரும் சிரிக்கிறார், ரத்னவேல் நெஞ்சில் கை வைத்துக் குழைந்து, மைக்கை வாங்கிக் கணீரென்று அறிவிக்கிறார், பெரியோர்களே தாய்மார்களே, ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு, உடனே சரிசெய்யப்படும். அந்தத் தொழில்நுட்பக் கோளாறு சென்னியப்பன்தான், அதை இரண்டு பேர் தோளைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார்கள், அங்கே அம்மனின் முகம் தெரியவில்லை, டீசல் புகை தெரிந்தது, அன்றைக்கு அவனுக்கு ஒரு சந்தேகம், இத்தனை வருடம் கழித்தும் தீரவில்லை, ஆத்தாளுக்கு எட்டுக் கை, அதில் பாதி இடப்பக்கம்தானே முளைத்திருக்கிறது, அந்தக் கைகளை எல்லாம் யார் துண்டால் கட்டி வைப்பது.

மறுநாளே ரத்னவேல் திருத்த ஆரம்பித்தார், கோவமில்லடா சென்னியப்பா, உன் எதிர்காலத்து மேல எனக்கு அக்கறை, தவிர மேடைன்னா ஒரு லட்சணம் வேணும், எல்லாக் கிடார்க் கழுத்தும் ஒரே பக்கம் சாய்ஞ்சு பட்டாளம் மாதிரி நிக்கணும், உன்னது மட்டும் எதிர்ப்பக்கம் நீட்டிட்டு என் வயித்தக் குத்துது, என்றார், சரிங்கண்ணா, வலது கையால் மீட்டப் பழகினான், ஒருவனுக்குக் கை என்பது இரண்டு என்று யார் சொன்னது, சென்னியப்பனுக்கு ஒன்றரைதான், அந்த அரைக் கை இரவல் வாங்கிய கை, அது தாளத்துக்கு எப்போதும் ஒரு மயிரிழை பிந்தித்தான் வந்து சேரும், தலையாட்டிய அதே தபேலாக்காரர், ஏன்டா, உன்ற கிடார் அடுத்த பஸ்ல வருதா என்று கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், முன்வரிசை போயிற்று, ரத்னவேலின் மைத்துனன் வந்தான், சென்னியப்பன் பின்வரிசையில் கும்சிக்கு கும்சிக்கு என்று சும்மா தாளம் போடுகிறவனானான், பகலில் ஃபவுண்டரி, ராத்திரியில் எத்தனையோ மேடை, எத்தனையோ ஊர், அவனைப் பற்றி யாரும் மோசம் என்று சொன்னதில்லை, பரவால்ல என்றார்கள், பரவால்ல, பரவால்ல, ஒரு மனுசனைக் கொல்ல இதைவிடச் சுத்தமான ஆயுதம் கிடையாது, ரத்தம் வராது, சத்தம் வராது, செத்தவனே நன்றி சொல்லிவிட்டுப் போவான். அப்படிச் செத்தவனைத்தான் ஞாயிற்றுக்கிழமை மேடையில் நிறுத்திக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லப்போகிறார்கள், பாருங்கள், எவ்வளவு அழகாகச் செத்திருக்கிறான்.

ரூட்டரை நிறுத்தினார், கடைசிக் குழியும் முடிந்தது, ஊதினார், மஞ்சள் பறந்தது, இந்த மூன்று வாரமும் ஷெட்டுக்குள் அவருடைய கைதான் இருந்தது, கண் முழுக்க மண்டபத்தில் இருந்தது, ஜிக்சா ரம்பத்தால் கொம்புகளை வளைத்து அறுக்கும்போது ரத்னவேல் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது சென்னியப்பன் மேடையேறிக்கொண்டிருந்தார், பிக்கப் குழி தோண்டும்போது இடது கை ஓங்கியிருந்தது, நெடுஞ்சுடரின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டிருந்தது, அந்தத் திறந்த வாயை நினைத்து நினைத்துத்தான் ஒவ்வொரு குழியையும் தோண்டினார். முதல் நாள் மட்டும் நிதானம் இருந்தது, பழைய சாதாக் கிடாரின் உருவத்தை ப்ளைவுட்டில் வரைந்து அறுத்து அச்சு எடுத்திருந்தார், வலக்கைக் கிடாரின் அச்சுதானே, அதைப் பலகைமேல் கவிழ்த்துப் போட்டு வரைந்தால் இடக்கைக் கிடார், ஃபவுண்டரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை, கவிழ்த்தார், சம்பூரணம் உட்கார்ந்து உட்கார்ந்து கண்ணாடியாய் மின்னிய மேல்பக்கத்தில் அச்சைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பென்சில் சீவப் போனார், திரும்பி வந்து பார்த்தார், என்னவோ உறுத்திற்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார், எதுவோ தப்பாக இருக்கிறது, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது, கோணலாக, அவலட்சணமாக, அட, என்று சொல்லிக்கொண்டு அச்சை எடுத்துத் திருப்பிப் போட்டார், இப்போது கண்ணுக்கு நிம்மதியாக இருந்தது, ஆங், இதுதான் சரி, நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றி வரைந்தார்.

இப்போது கழுத்தைப் பொருத்தித் திருகாணி முடுக்கினார், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், பனியனைத் தட்டிக்கொண்டார், கல்யாணப் பெண்ணைத் தொடுகிற கூச்சத்தோடு கிடாரைத் தூக்கி மடியில் வைத்தார், கழுத்து வலப்பக்கம் நீள, இடது கையைத் தளர்த்தி இன்னும் பூட்டாத கம்பிகளின் மேல் கொண்டுபோனார், முழங்கை போய் குமிழ்க் குழிக்குள் விழுந்தது. குழி கீழே அல்லவா இருக்க வேண்டும். மடியில் கிடக்க வேண்டிய குட்டைக் கொம்பு மேலே நின்று முகத்தைப் பார்த்தது. புரட்டினார், கழுத்தை இடப்பக்கம் நீட்டிப் பிடித்தார், எல்லாம் அச்சாகப் பொருந்தியது, கொம்பு, குழி, வளைவு, ஒரு நூல் பிசகில்லை, வாழ்க்கையில் இதைவிடச் சுத்தமாக அவர் ஒரு மரவேலை செய்ததில்லை, அருமையான கிடார், அருமையான, லட்சணமான, பட்டாளத்தில் சேர்ந்து எல்லோரோடும் ஒரே பக்கம் சாய்கிற சோத்தாங்கைக் கிடார்.

கையைத்தான் கட்டினார்கள் என்று நினைத்திருந்தார், கண்ணையும் கட்டியிருக்கிறார்கள், தன்னுடையது எதுவோ அதைக் கண்டால் கோணலாகத் தெரிகிற மாதிரி உள்ளே உட்கார்ந்து திருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், குருசாமி வாத்தியார் செத்துப் போய் எத்தனை வருடம், அவர் துண்டு சாகவில்லை, இங்கேதான், ஷெட்டுக்குள்ளேதான் இருக்கிறது, வயிற்றின் அடியிலிருந்து ஏதோ கிளம்பிற்று, நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, அங்கே சரிங்க என்று மாறுவதற்காக ஒரு கணம் தயங்கிற்று, மாறவில்லை, அப்படியே வெளியே வந்தது, அது சொல் இல்லை, எருமைக் கத்தல், எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது, திருகாணியைக் கழற்றிக் கழுத்தைப் பிடுங்கி எறிந்தார், அச்சு ப்ளைவுட்டைக் காலில் போட்டு மிதித்து ஒடித்தார், கிடார் உடம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார், எதிரே மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸ், ஒரே போடு. ஏனுங்க, என்ற அப்பன் குடுத்த பலகைங்க அது, என்று ஒரு குரல், சம்பூரணம், இட்லி மாவுக் கையோடு ஓடி வந்து அவர் முழங்கையைப் பிடித்துத் தொங்கினாள், விடுடி என்றார், விடமாட்டேன் என்றாள், எல்லாம் வீணாப் போச்சுடி, உன்ற பலகைய வீணாக்கிப் போட்டேன், சோத்தாங்கைக்குச் செஞ்சு வெச்சிருக்கறேன், நானே, என்ற கையாலயே, என்று சொன்னபோது குரல் உடைந்தது, அவள் கிடாரைப் பார்த்தாள், அவளுக்கு அதில் எந்தக் கை என்ன கை என்று ஒன்றும் விளங்கவில்லை, அவர் முகம் விளங்கியது, மெல்ல அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய், தோண்டிய குழிகளெல்லாம் சுவரைப் பார்க்கும்படி, முதுகைக் காட்டிச் சாய்த்து வைத்தாள், சித்த நேரம் இது இப்பிடியே நிக்கட்டும், அது மூஞ்சிய நீங்க பாக்க வேண்டாம், உங்க மூஞ்சிய அது பாக்க வேண்டாம், என்று சொல்லிவிட்டுத் தானும் மரத்தூளில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

அவரும் உட்கார்ந்தார், மூச்சு இரைத்தது, சுவரோரம் கிடார் மூக்கைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, முதுகு மட்டும் தெரிகிறது, பாவமாக இருக்கிறது, இப்படித்தான் நின்றேன், இதே மாதிரி, முதுகு மொத்தமும் கூசும், வகுப்பின் கண்ணெல்லாம் அங்கேதான் குத்தும், எத்தனை நேரம் நின்றான் அந்தப் பையன், ஒருத்தராவது அவன் முதுகை ஒழுங்காகப் பார்த்திருப்பார்களா, பார்த்தார். ஊஞ்சலின் அடிப்பக்கம் அது, யாரும் பார்க்காத பக்கம், இழைப்புளியே படாத பக்கம், சங்கிலிப் பட்டையின் துருக்கறை, தச்சன் போட்ட கரிக்கோடு, பிறகு புள்ளி புள்ளியாக, சிவப்பும் மெரூனும் கறுப்புமாக, சம்பூரணத்தின் ஸ்டிக்கர் பொட்டுகள், ஊஞ்சலில் கண்ணயரும்போது நெற்றியிலிருந்து எடுத்துப் பலகைக்கு அடியில் ஒட்டிவிட்டு மறந்துபோன பொட்டுகள், மேலே இரண்டு கொம்பு, நீளக் கொம்பு, குட்டைக் கொம்பு, நீளமானது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் ஒரு தரம் பார்த்தது, பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது, கோணல் என்றது, அவலட்சணம் என்றது, சென்னியப்பன் சட்டென்று நிமிர்ந்தார். கண் கோணல் என்றால் அது என் பக்கம், கவிழ்த்துப் பிடித்தால் இதுவே பீச்சாங்கைக் கிடார். எழுந்து முட்டி போட்டு நகர்ந்து போனார், முதுகின் மேல் உள்ளங்கையை வைத்தார், பலகை இரண்டு அங்குலம், குழி அதில் பாதிகூட இல்லை, இந்தப் பக்கம் புதிதாகத் தோண்டினாலும் நடுவில் மரம் மிஞ்சும், கழுத்துக் குழிக்கு மட்டும் பின்னாலிருந்து ஒரு தேக்குத் துண்டைத் திணித்து ஒட்டிவிட்டால் கம்பி இழுப்பைத் தாங்கும், ஒயர்க் குழி முதுகுப் பக்கம் தானாகவே அமைந்துவிட்டது, அதற்கு ஒரு மூடி போதும், மற்ற குழிகள் கிடக்கட்டும், திறந்தே கிடக்கட்டும், இரண்டு நாள் வேலை, வார்னிஷ் காயாது, வார்னிஷே வேண்டாம். என்னங்க பண்றீங் என்றாள் சம்பூரணம், இதுதான்டி முன்பக்கம் என்றார், அவள் எட்டிப் பார்த்தாள், அய்யய்யே, பொட்டெல்லாம் ஒட்டியிருக்குது, சொரண்டிப் போடுங்க, நாலு பேர் முன்னால மானம் போகுது, என்றாள், ஒண்ணுகூட எடுக்க மாட்டேன் என்றார், அதுக்குன்னு பழம் பொட்டையா மேடையேத்துவீங் என்று அவள் திட்டியபோது அவளுடைய வாய் கோபமாகவும் காது சிவந்தும் இருந்தன.

காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார், அது வழக்கப்படி வலது கைக்குப் போயிற்று, ஒரு கணம் நின்றார், இடது கைக்கு மாற்றினார், கோடு நடுங்கிற்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோடு, பரவாயில்லை, சீ, அந்தச் சொல் வேண்டாம், நன்றாயிருக்கிறது, கோடு நன்றாகவே இருக்கிறது. போன் அடித்தது, கையெல்லாம் தூள், சம்பூரணம்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள், சென்னியப்பா, என்றது சுடர், உன் பேச்சச் சுருக்கமா வெச்சுக்க, மந்திரி ஆளு ஒருத்தர் வர்றார், நேரம் பத்தாது, நீ வந்து என் எடப்பக்கமா நின்னு கையத் தூக்கிட்டு எறங்கிரு, சரியா. அந்தப் பழைய சொல் பழக்கப்பட்ட மாட்டைப் போலத் தானாகவே வாசலுக்கு வந்து நின்றது, சென்னியப்பன் அதை உள்ளே ஓட்டிக் கட்டினார், இல்லீங்கண்ணா என்றார், மறுமுனையில் என்னவோ விழுந்த சத்தம், என்னப்பா, என்ன, என்றார் ரத்னவேல், பேச்சு இல்லீங்க, வாசிப்புத்தான், நானே ஒரு கிடார் செஞ்சிருக்கறேன், உங்க எடப்பக்கம்தான் நிப்பேன், நீங்கதான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கோணும், இதுக்குக் கழுத்து எதிர்ப்பக்கம், வயித்தக் குத்தும். சென்னியப்பா, ஏதாச்சும் கோளாறா, என்று கேட்டது நெடுஞ்சுடர், சுடரில் ஒரு சிறு நடுக்கம், ஆமாங்கண்ணா, ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு, இந்தத் தடவை முன்வரிசையில நிக்குது, என்றார், போனை அணைக்கச் சொல்லி மனைவியிடம் தலையசைத்தார், அவள் அணைத்துவிட்டு எழுந்தாள், சாப்பிட வாங்க, என்றவள் வாசல்வரை போய்த் திரும்பி, ஏனுங்க, சோறும் இனி அந்தக் கையிலதானுங்களா, என்றாள், போடி அக்கட்டால, என்றார், அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அவர் எழவில்லை, ரூட்டரை முடுக்கினார், அது துள்ளிற்று, இடது கை அதன் கழுத்தைப் பிடித்து அடக்கிற்று, பலகையின் அடிப்பக்கத்திலிருந்து மஞ்சள் பீறிட்டது, இத்தனை வருடம் வெளிச்சம் படாத மஞ்சள், மேல்பக்கத்து மஞ்சளைவிடப் பச்சையாக, ஈரமாக வாசனை அடிக்கிறது, அந்தக் குழிகள், திருத்திய பக்கத்துக் குழிகள், அவர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், வாசிக்கும்போதெல்லாம் வயிற்றில் அதிரும், யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும், தூள் ஏறி ஏறி ஷெட் சுவர் மறைகிறது, வேறொரு சுவர் தெரிகிறது, வெள்ளைச் சுவர், விரிசல் கிளம்பி மேலே போய் இரண்டாகப் பிரிகிறது, நீளக் கொம்பு, குட்டைக் கொம்பு, அட, எல்லாம் அன்றைக்கே அங்கே வரைந்து வைத்திருந்ததே, எந்தப் பக்கம் நீளம் என்று பையனுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை, இப்போது பார்க்கிறான், இடுப்பில் துண்டு நெகிழ்கிறது, மூக்குப்பொடி வாசனையோடு காலடியில் விழுகிறது, இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பையன் திரும்புகிறான், மூக்கு நுனியில் மஞ்சள், எதிரே மண்டபம் நிறைய வகுப்பு, வாத்தியார், தர்மகர்த்தா, துண்டு வீசிய கிழவர், தபேலாக்காரர், கண்ணாடி முன்னால் வாசிக்கச் சொன்ன கடைக்காரன், நடுவில் பட்டு ஜிப்பா போட்டு ஒருவர் வாயைத் திறந்தபடி, எங்கே, இப்போது சிரிங்க பார்க்கலாம், என்று சொல்லிக்கொண்டு இடது கையை ஓங்குகிறான், கம்பிகளின் மேல் இறங்க.